93 வயசு... 1,100 அடி!

பஸ்ல ஜன்னலோரம் உட்கார்ந்து போறப்ப கவனிச்சிருப்பீங்க. ஊருக்கு ஊர் ஒரு 'கண்ணீர் அஞ்சலி' ஃப்ளெக்ஸ் நிக்கும். நடுவுல வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர். மேல தோற்றம், மறைவு. கீழ மகன்கள், பேரன்கள்னு நீளமா ஒரு லிஸ்ட். தொண்ணூறு வருஷம் வாழ்ந்த மனுஷனைப் பத்தி அந்த ஃப்ளெக்ஸ் சொல்ற தகவல் மொத்தமே ரெண்டு தேதிதான். அதுலயும் முதல் தேதி பெரும்பாலும் தப்பு பாஸ்!

எங்க அப்பாருக்கும் அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் வெச்சாங்க. (கொங்குப் பக்கம் அப்பாவோட அப்பாவை 'அப்பாரு'ன்னுதான் கூப்பிடுவோம்.) அவிநாசிக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல தோட்டம் வெச்சிருந்தவர். 2025 தை மாசம் தவறினார். ஒன்பது பேரன், பேத்தி. பேரன்கள் அஞ்சு பேரும் போட்டோவோட ஃப்ளெக்ஸ்ல சிரிச்சாங்க. பேத்திகள் நாலு பேருக்கும் சேர்த்து 'மற்றும் பேத்திகள்'னு ஒரே வரி. அந்த வரியில நான் நாலுல ஒரு பங்கு.

ஒரு பேத்தி, அதுவும் சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிறவ, ஃப்ளெக்ஸுக்குப் பதிலா தன் அப்பாரோட வாழ்க்கையை எழுதினா எப்படி இருக்கும்? அவரோட டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கந்தாய ரசீது, கரண்ட் ஆபீஸ் கார்டு, போர் போட்ட பில்லு, பாகப்பிரிவினைப் பத்திரம். இதோட, அவர் இருந்தப்ப திண்ணையில உட்கார்ந்து சொன்னது பாதி. அவரைச் சுத்தி இருந்தவங்க சொன்னது மீதி.

தப்பான பர்த்டே!

ஆதார் கார்டுப்படி அப்பாரு பிறந்தது 01.01.1936. அந்தக் காலத்துல பிறந்த தேதி தெரியாத பாதி ஊரும் ஜனவரி ஒண்ணாம் தேதிதான் பிறந்திருக்கு! ஆனா அவரைக் கேட்டா, "பிரசோற்பத்தி வருசம், ஆடி நோம்பி கழிஞ்ச மூணாம் நாளு"ன்னு டக்குனு சொல்வார்.

தமிழ் வருஷப் பேர் மொத்தம் 60. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும். பிரசோற்பத்தி வந்தது 1931ல, அப்புறம் 1991ல. வீட்டு ஆசாரத்துல மாட்டியிருக்கிற அவரோட அறுபதாம் கல்யாண போட்டோவுல '1991'னு எழுதியிருக்கு. மேட்டர் முடிஞ்சுது. அப்பாரு பிறந்தது 1931 ஜூலை. ஆதார் அவருக்கு நாலரை வயசு தள்ளுபடி கொடுத்திருக்கு!

உங்க வீட்டுப் பெரியவங்க வயசு மேல சந்தேகமா? பிறந்த தமிழ் வருஷத்தைக் கேளுங்க. ஒரு சின்னக் கணக்குல உண்மை வெளிய வந்துடும்.

எருதுக்கே ஃபிசிக்ஸ் தெரியும்

எங்க பக்கம் நிலத்துக்கு மூணு பேரு. மழையை நம்பி விதைச்சா காடு. ஆத்து, வாய்க்கால் தண்ணி பாஞ்சா வயல். கிணத்துத் தண்ணி பாஞ்சாத்தான் தோட்டம். அப்பாருக்கு அவங்க அய்யன் விட்டுட்டுப் போனது 12 ஏக்கர், 40 அடிக் கிணறு ஒண்ணு.

அப்ப தண்ணி இறைக்கக் கவலை. விடியக்காலம் மூணு மணிக்கு எருதைப் பூட்டணும். கிணத்துக்குள்ள சால் இறங்கும். அதோட அடியில தும்பின்னு ஒரு தோல் குழாய். எருது ரெண்டும் வாரியில இறங்கி நடந்தா வடக்கயிறு இழுபட்டு சால் மேல வரும். தும்பி வழியாத் தண்ணி கொட்டும். எருது பின்னாலேயே நடந்து மேல ஏறும். திரும்ப சால் உள்ள போகும். இப்படியே வெயில் ஏறுற வரைக்கும்.

"வாரியை ஏனுங்க சரிவா வெட்டுனாங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "எருது இழுக்கறது பாதி, அதும்பட எடை இழுக்கறது பாதி அம்மிணி"ன்னார். முதல் வருஷம் மெக்கானிக்ஸ் பேப்பர்ல சாய்தளம்னு பக்கம் பக்கமா எழுதுன விஷயத்தை மனுஷன் ஒரே வரியில முடிச்சுட்டார்.

எனக்கு சிவில் சீட் கிடைச்சப்ப அவருக்கு அவ்வளவா பிடிக்கலை. "பொம்பளப் புள்ள வெயில்ல போயி நிக்கோணுமா?"ன்னு அப்பாகிட்ட ரெண்டு நாள் கேட்டுட்டே இருந்தார். முதல் செமஸ்டர் லீவுக்கு வந்தப்ப என்னைக் கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போய், "உங்க காலேசுல கெணத்து ஆழம் பார்க்கச் சொல்லித் தாராங்களா?"ன்னார். ஒரு கல்லைப் போட்டு மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வெச்சேன். 2.2 செகண்ட். நான் கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள சத்தத்தை மட்டும் கேட்டுட்டு, "தண்ணி எம்பது அடிக்குள்ளதான் இருக்குது"ன்னுட்டார். எனக்கு வந்த விடை 78! அதுக்கப்புறம் சிவில் பத்தி அவர் வாயே திறக்கலை.

ரெண்டு பைசாவும் மாட்டு வண்டியும்

எங்க தோட்டத்துக்குக் கரண்ட் வந்தது 1962ல. 5 எச்.பி. மோட்டார். எருதுக்கு ரிட்டயர்மென்ட்! சோளமும் கம்பும் போட்ட இடத்துல பருத்தியும் கரும்பும் வந்துச்சு. இன்னிக்கு சும்மா சுவிட்சைத் தட்டிட்டுப் போறோம். அந்தக் கரண்டுக்கு விலை கொடுத்தவங்க இருக்காங்க.

விவசாயக் கரண்ட் யூனிட்டுக்கு 8 பைசாவிலேர்ந்து 10 பைசாவானப்ப, 1970ல கோயமுத்தூர் ஜில்லாவே கொதிச்சுது. நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க திரண்டாங்க. எங்களுக்குப் பக்கத்துல இருக்கிற பெருமாநல்லூர்ல போலீஸ் துப்பாக்கிச்சூடு. மூணு விவசாயிங்க செத்தாங்க. 1972ல இன்னொரு போராட்டம். ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிங்க கோயமுத்தூருக்குள்ள புகுந்து ரோட்டையே அடைச்சுது. அந்த வண்டிகள்ல ஒண்ணு எங்க அப்பாருது. சுமார் 40 கிலோமீட்டர். "ரெண்டு பைசாவுக்காகவா அப்பாரு?"ன்னு கேட்டா, "ரெண்டு பைசா இல்ல அம்மிணி, நம்மள ஆரும் ஒரு வார்த்தை கேக்கலியே"ன்னு சொல்வார்.

நம்ம பஸ் பாஸ் மேட்டருக்கே ஸ்ட்ரைக் பண்ணலாமான்னு ரெண்டு நாள் யோசிக்கிறோம். அவர் நாப்பது வயசுல, வீட்டுல அஞ்சு பிள்ளைங்களை விட்டுட்டு வண்டி பூட்டியிருக்கார்.

அப்புறம் 1984ல சிறு விவசாயிங்களுக்கும், 1990ல எல்லா விவசாயிங்களுக்கும் கரண்ட் இலவசமாச்சு. டிரங்குப் பெட்டியில கரண்ட் பில்லு அதோட நின்னுபோச்சு. போர் போட்ட பில்லு அங்கிருந்து ஆரம்பிக்குது.

மோட்டார் கீழ இறங்கின கதை

இது கொஞ்சம் டெக்னிக்கல். பொறுத்துக்கோங்க.

கிணத்து மேல வெச்ச பம்ப் தண்ணியை உறிஞ்சுறது காத்தழுத்தத்தாலதான். தியரிப்படி 34 அடி. நடைமுறையில 25 அடியைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். தண்ணி கீழ போகப் போக மோட்டாரையும் கீழ இறக்கணும். எங்க கிணத்துச் சுவத்துல பாறையைக் குடைஞ்சு ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா மூணு மேடை இருக்கு. மூணும் மோட்டார் உட்கார்ந்த இடம். மேல் மேடையில நின்னு கீழ பார்த்தா, முப்பது வருஷம் படிக்கட்டு மாதிரி இறங்குறது தெரியும்.

கிணறும் ஆழமாச்சு. 1965ல 60 அடி. 1983ல வெடி வெச்சு 85 அடி. அப்புறம் கிணத்துக்குள்ளேயே பக்கவாட்டுல சைடு போர். 1995ல திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து முதல் போர், 300 அடி. 2003ல 650 அடி. 2016ல வடகிழக்குப் பருவமழை சுத்தமா ஏமாத்துச்சு. அடுத்த வருஷம் 1,100 அடி.

வெறும் புகை.

போர் போடுறதை நேர்ல பார்த்தவங்களுக்கு அந்த வார்த்தை புரியும். தண்ணி கிடைச்சா சேறா வரும். கிடைக்கலைன்னா வெள்ளைப் புழுதி ஆளுயரத்துக்கு எழும்பி நிக்கும். அன்னிக்கு அப்பாருக்கு 86 வயசு. தலையெல்லாம் வெள்ளைப் பொடியோட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரிக் வண்டி பக்கத்துலேயே நின்னார்னு அப்பா சொல்வாங்க. அந்த வருஷம் தென்னை எழுபது காஞ்சுது. சித்தப்பா திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலைக்கே முழுசாப் போயிட்டார்.

40 அடியில ஆரம்பிச்சு 1,100 அடி வரைக்கும், எல்லாமே ஒரே ஒரு மனுஷனோட ஆயுசுக்குள்ள. கரண்டுக்குப் போராடி ஜெயிச்ச தலைமுறையும் அதேதான், அந்தக் கரண்ட்ல பூமிக்கடியில் இருந்த தண்ணியை இறைச்சு முடிச்ச தலைமுறையும் அதேதான். ஊர்ல எல்லாரும் போட்டாங்க, இவரும் போட்டார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 700 போட்டா நாம 800. யாரும் கெட்டவங்க இல்லை. ஆனா கணக்குன்னு எழுதினா இந்த வரியையும் எழுதித்தான் ஆகணும்.

அவர் கடைசியா ஒரு நல்லதைப் பார்த்துட்டுப் போனார். அரை நூற்றாண்டுக்கும் மேல எங்க ஜனங்க கேட்டுட்டிருந்த அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17ல திறந்தாங்க. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ பவானியில உபரியாப் போற தண்ணியை பம்ப் பண்ணி ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்கள்ல 1,045 குளம், குட்டைக்குக் கொண்டு வர்ற திட்டம். எங்க ஊர்க் குட்டைக்கும் குழாய்ல தண்ணி வந்துச்சு. அப்பாரைக் கார்ல கூட்டிட்டுப் போனோம். இறங்கிப் போய்க் காலை நனைச்சுட்டு, "எங்கய்யன் காலத்துல இருந்து சொன்னாங்க"ன்னு மட்டும் சொன்னார்.

ஃப்ளெக்ஸ்ல இல்லாத பேருங்க

அப்பாரு நல்லவரான்னு கேட்டா, ஆமாம்னுதான் சொல்வேன். யாருக்கு நல்லவர்னு கேட்டா, கொஞ்சம் யோசிக்கணும்.

85 அடி வெட்டினது யாரு? எங்க பண்ணையத்துல இருந்த ஒரு குடும்பமும் அதுல உண்டு. அந்த வீட்டுப் பெரியவருக்கு இப்ப எண்பது வயசு இருக்கும். சின்னப் பையனா எங்க தோட்டத்துல கவலை ஓட்டினவர். கருமாதிக்கு வந்தப்ப அவர்கிட்ட உட்கார்ந்து பேசினேன்.

"எங்கப்பன் வெட்டுன கெணறுங்க அம்மிணி. வெட்டறப்ப உள்ளார எறங்கலாம். தண்ணி வந்த பொறகு எறங்கப்படாது. மொண்டு ஊத்துனாத்தான் குடிக்கோணும்."

"எப்பங்க நீங்களா மொண்டு குடிச்சீங்க?"

"மோட்டார் வந்த பொறகு. தொட்டியில விழுகற தண்ணிக்கு ஆரு காவல்?"ன்னு சிரிச்சார்.

அந்த விதியை எங்க அப்பாரு உண்டாக்கலை. உடைக்கவும் இல்லை. அதை உடைச்சது ஒரு 5 எச்.பி. மோட்டார்.

அடுத்து, பெத்த பொண்ணுங்க. எங்களுக்கு ரெண்டு அத்தை. 1986ல அப்பாரு பாகப்பிரிவினை எழுதினார். 12 ஏக்கரை நாலாப் பிரிச்சு, அப்பாருக்கு ஒண்ணு, மூணு பையன்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. கிணறு பொது. நாலு நாளைக்கு ஒரு நாள் முறை. மோட்டார் போடுற நேரம், வண்டித்தடம் எத்தனை அடி, எல்லாம் அந்தப் பத்திரத்துல அச்சு மாதிரி இருக்கு. பதினொரு பக்கம். அதுல ஒரு இடத்துல கூட அத்தைங்க பேர் இல்லை. நம்ம மொழியிலேயே பாருங்க... சொத்துல பங்கு உள்ளவன் பங்காளி. அந்த வார்த்தையால யாராவது ஒரு பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?

பெரியத்தை கேட்ட கேள்வி

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு ஒரு குயிக் ரவுண்டு. பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு தமிழ்நாடு 1989லேயே சட்டத் திருத்தம் கொண்டு வந்துச்சு. ஆனா அந்தத் திருத்தம் வர்றதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது கிடையாது. ரெண்டு அத்தைக்கும் அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுபோச்சு. 2005ல நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் சமபங்குன்னு சட்டம் மாறுச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவு பண்ணின பாகப்பிரிவினையை அது தொடாது. அதனால 1986 பத்திரம் அப்படியே நிக்குது.

ஆனா அப்பாரு தன் பேர்ல வெச்சிருந்த 3 ஏக்கர்? அதுக்கு உயில் இல்லை. உயில் இல்லாம ஒருத்தர் தவறினா, 1956ம் வருஷத்து இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் சமம். அப்பத்தா 2011லேயே போயிட்டாங்க. ஆக, அஞ்சு பேர். ஆளுக்கு 60 சென்ட்.

கருமாதி முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் பெரியப்பா பேச்செடுத்தார். அத்தைங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா வேலை முடிஞ்சுடும்னார். அவர் பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. அப்பாரைக் கடைசி வரைக்கும் வெச்சுப் பார்த்தது அவர் குடும்பம். அந்த 1,100 அடிக் கடனை 2022 வரைக்கும் கட்டினது அவர்.

சின்னத்தை, "எங்க போடோணும்னு காட்டுங்கண்ணா"ன்னு பேனாவைக் கையில எடுத்துட்டாங்க. பெரியத்தைதான், "சித்த இரு"ன்னாங்க. அவங்களுக்கு 67 வயசு. அஞ்சாவதோட நின்னவங்க. ஏன் நின்னாங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. காலையில கவலைக்கு வால்கயிறு பிடிக்க ஆள் வேணும்னு நின்னுருக்காங்க. ஏன்னா, மோட்டார் வந்த பிறகும் பழுதானா, கரண்ட் போனா கவலைதான்.

"நான் சின்னதுல எறைச்ச தண்ணிண்ணா அது. நெலம் எனக்கு வேண்டாம்னு நானே சொன்னாலும் சொல்லுவேன். ஆனா இல்லீன்னு நீங்க சொல்லப்படாது"ன்னாங்க.

ஆசாரமே அமைதி. பெரியப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டார். எங்க அப்பா ஒண்ணும் பேசலை. சித்தப்பாதான் மெதுவா, "அய்யன் எல்லாத்தையும் எழுதி வெச்சவரு. இதை மட்டும் ஏன் எழுதாம உட்டாரு?"ன்னார்.

அதுக்கு யார்கிட்டயும் பதில் இல்லை. மறந்துட்டார்னு பெரியப்பா நினைக்கிறார். வேணும்னேதான் எழுதலைன்னு பெரியத்தை நம்புறாங்க. எனக்கும் தெரியலை. தள்ளாத வயசுல பொண்ணுங்களுக்குக் கொடுக்கணும்னு தோணியிருக்கலாம். பையன்கள்கிட்ட அதைச் சொல்லத் தைரியம் வராம இருந்திருக்கலாம். ரெண்டு பைசாவுக்கு வண்டி கட்டின மனுஷனுக்கு!

இந்தக் கட்டுரை எழுதுற வரைக்கும் கையெழுத்து ஆகலை. தாசில்தார் ஆபீஸ்ல வாங்கின வாரிசுச் சான்றிதழ்ல அஞ்சு பேரும் வரிசையா இருக்காங்க. பெரியப்பாவும் பெரியத்தையும் ரெண்டு மாசம் பேசிக்கலை. அப்புறம் ஆடி நோம்பிக்கு வழக்கம்போல பெரியப்பா வீட்டுலேர்ந்தே அத்தைக்கு அழைப்பு போச்சு. அத்தையும் வந்தாங்க. பேச்சு இன்னும் முடியலை. ஆனா இப்ப பேசுறப்ப, 'நாலு பங்கு முறை'ன்னு யாரும் சொல்றதில்லை. 'கெணத்து முறையை எப்படிப் பிரிக்கிறது?'ன்னு கேட்கிறாங்க.

லீவுக்கு ஊருக்குப் போறீங்களா?

அப்ப சும்மா மொபைலை நோண்டிட்டிருக்காம, வீட்டுப் பெரியவங்க பக்கத்துல ஒரு மணி நேரம் உட்காருங்க. அனுமதி கேட்டுட்டு ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?"ன்னு பொதுவாக் கேட்டா, "அதெல்லாம் அப்போ..."ன்னு ஒரு பெருமூச்சுதான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்க:

பிறந்தது எந்தத் தமிழ் வருஷம்?

முதல்ல தண்ணி எத்தனை அடியில இருந்துச்சு? வீட்டுக்குக் கரண்ட் என்னிக்கு வந்துச்சு?

எந்தப் போராட்டத்துக்குப் போனீங்க? ஏன்?

நம்ம தோட்டத்துல, வீட்டுல வேலை செஞ்சவங்க யார் யார்? அவங்க இப்ப எங்க இருக்காங்க? (முடிஞ்சா அவங்களையும் போய்ப் பாருங்க. கதை வேற மாதிரி இருக்கும்.)

அத்தை, பெரியம்மா எல்லாம் எத்தனாவது வரைக்கும் படிச்சாங்க? ஏன் நிறுத்தினாங்க?

கடைசியா ஒண்ணு. பத்திரப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்க. நிலத்துக்குப் பங்கு எழுதுறப்ப கிணத்து முறை, வண்டித்தடம், கரண்ட் சர்வீஸ் மூணும் எழுதியிருக்கான்னு பாருங்க. உங்க வீட்டு அத்தையோ, அக்காவோ எதுலயாவது கையெழுத்துப் போடப் போறாங்கன்னா, அதை ஒரு தடவை சத்தமா அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இவ்வளவு படிச்சு, இதுக்குக் கூட உபயோகப்படலைன்னா எப்படி மக்களே?